சோழவரத்துப் பந்தயத் திடல்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபோது, ஏதேனும் ஒரு கோயிலின் வரலாற்றையோ புலவர் ஒருவரின் வரலாற்றையோ யான் எழுதக்கூடும் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அத்துறைகளில் வல்லார் பலர் நம் சங்கத்தில் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன் ஒருவன் அவர்கள் முன் அவற்றைப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே, நம்மவர் எவரும் இதுகாறும் தொட்டிராத பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். சென்னைக்கு வடக்கே, சோழவரம் என்னும் ஊரின் அருகே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் புகழோடு விளங்கி மறைந்துபோன மோட்டார்ப் பந்தயத் திடலின் வரலாறே அது.

இப்பொருளை நாடியதற்குக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு நம் குடியிருப்புப் பிள்ளையொருவன் நள்ளிரவில் புறவழிச்சாலையில் தோழர்களோடு மோட்டார் சைக்கிள் பந்தயமிட்டு, கால் முறிந்து ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்ததை நாம் அனைவரும் அறிவோம். பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நானும் சென்று பார்த்தேன். அவன் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, இந்தப் பித்து இந்தப் பிள்ளைகளுக்கு எங்கேயிருந்து வந்தது? நம்ம வீட்டிலே யாருக்கும் கிடையாதே!" என்று கேட்டார். அப்போது யான் ஒன்றும் சொல்லவில்லை. இப்பித்து இன்று நேற்று வந்ததன்று. என் சொந்தக் குடும்பத்திலேயே இருந்தது. அவ்வம்மையாருக்குச் சொல்லாது விட்ட விடையே இக்கட்டுரை எனக் கொள்க.

மோட்டார் வண்டி தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதனை ஓட்டிப் பந்தயமிடும் ஆசையும் தோன்றிவிட்டது. தொடக்கத்தில் ஐரோப்பாவில் பொதுச் சாலைகளிலேயே ஊர்விட்டு ஊர் ஓடினர். சாலையோரத்தில் நின்றவரும் மாண்டனர், ஓட்டியவரும் மாண்டனர். பந்தயத்துக்கெனத் தனித் திடல் வேண்டும் என்னும் எண்ணம் அதன் பின்னரே வலுப்பெற்றது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்திலே ஹியூ லாக் கிங் என்னும் செல்வர் தம் சொந்த நிலத்தில், தம் சொந்தப் பணத்தில், புரூக்லண்ட்ஸ் என்னும் கான்கிரீட் ஓட்டப்பாதையை அமைத்து 1907-ஆம் ஆண்டில் திறந்தார். மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பெற்ற பெருந்திடல்களில் மூத்தது அதுவே. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து 'ஸ்பீட்வே' 1909-இல் எழுந்தது. அதன் தரைக்கு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களைப் பரப்பினர் என்பர். செங்கற் சூளை வைத்திருப்போர் நம்மிடையே எவரேனும் இருப்பின் கணக்கிட்டுப் பார்த்து மகிழ்வாராக!

நம் நாட்டில் இவ்வாறு தம் நிலத்தையும் பணத்தையும் கொட்டுவார் அந்நாளில் எவரும் முன்வரவில்லை. ஆயினும் நமக்கும் திடல்கள் கிடைத்தன. அவற்றை நமக்குத் தந்தது விளையாட்டார்வமன்று, போர்.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நம் கிழக்குக் கரை முழுவதும் நடுங்கிய மாதமாகும். 5-ஆம் நாள் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின்மீதும், 9-ஆம் நாள் திருகோணமலைமீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். 1943 அக்டோபரில் சென்னையின்மீதே ஜப்பானிய விமானமொன்று வந்து குண்டு போட்டுச் சென்றது. இந்நிலையில் ஆங்கில அரசு தென்னாடெங்கும் விரைந்து விரைந்து விமான ஓடுதளங்களை அமைத்தது. சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, அரக்கோணம், தஞ்சாவூர், செட்டிநாடு எனப் பட்டியல் நீளும். கயத்தாறு என்றதும் 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் என்றே நாம் நினைக்கிறோம். அவ்வூரின் அருகேயும் இத்தகைய ஓடுதளம் ஒன்று போடப்பெற்றது. இவ்வரிசையில் சேர்ந்ததே சோழவரம்.

ஈண்டு நம் திருவனந்தபுரத்தின் பெருமையையும் ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. இந்நகரின் விமான நிலையம் போரின் குழந்தையன்று. திருவிதாங்கூர் அரசகுடும்பத்தைச் சார்ந்த கோதவர்ம ராஜாவின் பறக்கும் ஆர்வத்தால் போருக்கு முன்னரே தோன்றியது அது. 1935-ஆம் ஆண்டிலேயே டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து இங்கு வந்திறங்கியது. ஆசையினால் பிறந்த தளம் இன்றளவும் விமானத் தளமாகவே வாழ்கின்றது. அச்சத்தினால் பிறந்த தளங்களுள் பலவோ, போர் முடிந்தபின் கேட்பாரற்றுப் போயின.

சோழவரம் எங்குள்ளது என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். சென்னைப் பாரிமுனையிலிருந்து கல்கத்தா நோக்கி வடக்கே செல்லும் பெருஞ்சாலையில், மாதவரம் கடந்து, செங்குன்றம் கடந்து, காரனோடைக்கு முன்னர் உள்ள ஊர் அது. அதன் ஏரி சென்னை மக்களின் குடிநீர் ஏரிகளுள் ஒன்று. அவ்வேரி நீர் செங்குன்றத்துப் புழல் ஏரிக்குப் பாய்ந்து, அங்கிருந்து நகருக்கு வருவது. நெல்வயலும் பனையும் தாமரைக் குளமுமாக இருந்த பகுதி. இரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொரு செய்தியையும் கூறாது விட இயலாது. இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியதென்றும், தென்னாட்டில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதென்றும் நாம் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். அவ்விரண்டுக்கும் முன்னரே, 1837-ஆம் ஆண்டில், செங்குன்றத்திலிருந்து சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லைச் சுமந்துவர இருப்புப்பாதையொன்று இருந்தது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் பெயரோடு இணைந்தது அது. இன்று அதன் சுவடுகூட இல்லை. உருளும் சக்கரத்துக்கு முதலில் இடங்கொடுத்து, பின் அச்சக்கரத்தை மறந்துவிடுதல் அம்மண்ணின் இயல்பு போலும்!

போர் ஓய்ந்தபின் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான ஓடுதளங்கள் வெறுமனே கிடந்தன. புரூக்லண்ட்ஸ் திடலோ போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையாக மாறி, 1939-க்குப் பின் பந்தயத்தையே காணவில்லை. பந்தயத் திடல் விமானத்துக்குப் போயிற்று. விமானத் திடல் பந்தயத்துக்கு வந்தது. சில்வர்ஸ்டன் என்னும் இடத்துப் போர்க்கால விமானத் தளத்தில் வைக்கோற் கட்டுகளையும் பீப்பாய்களையும் எல்லையாக வைத்து 1948-இல் பந்தயம் நடத்தினர். உலகக் கோப்பைக்கான ஃபார்முலா ஒன்று பந்தயங்களில் முதலாவது 1950 மே மாதம் 13-ஆம் நாள் அங்கேதான் நடந்தது. இச்செய்திகள் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன. கல்கத்தாவில் பாரக்பூர் ஓடுதளத்திலும், பம்பாயில் ஜுஹு ஓடுதளத்திலும் வண்டிகள் ஓடின. 1953-ஆம் ஆண்டு மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. அக்கழகத்தார் சோழவரத்து ஓடுதளத்தைத் தம் பந்தயத் திடலாக்கிக்கொண்டனர். இந்து சந்தோக் போன்றோர் அக்கழகத்தின் தொடக்க கால முன்னோடிகளுள் ஒருவராவர்.

விமானத்தைத் தாங்கும் தரை மோட்டாருக்கு ஏன் ஏற்றது என்பது எளிதில் விளங்கும். தரை தடித்தது, அகன்றது, சமமானது. குறுக்கே மாடு வராது, மரம் நில்லாது. ஆயின் ஓடுதளம் நேர்கோடு. பந்தயத்துக்கோ வளைவு வேண்டும். ஆகவே ஓடுதளத்தையும் அதன் கிளைப் பாதைகளையும் இணைத்து, தார்ப் பீப்பாய்களும் மணல் மூட்டைகளும் பழைய டயர்களும் அடுக்கி வளைவுகளை உண்டாக்கினர். நெடிய நேர்ப்பாதையில் வண்டியை அதன் வலிமை முழுவதும் கொடுத்து விரட்டுவதும், அதன் முடிவில் ஊசிமுனை போன்ற திருப்பத்தில் திடீரென அடக்குவதுமே அத்திடலின் இலக்கணம். விரட்டத் தெரிந்தவர் பலர். அடக்கத் தெரிந்தவரே வென்றனர்.

அந்நாளில் வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பு. அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றைத் தவிர நான்காவது கார் ஒன்று நடுத்தரக் குடும்பத்தார் கண்ணிற் பட்டதில்லை. அவற்றுக்கும் பல ஆண்டுகள் பதிந்து காத்திருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளில் 1955 முதல் திருவொற்றியூரில் செய்யப்பெற்ற என்ஃபீல்டு புல்லட்டும், மைசூரில் செய்யப்பெற்ற ஜாவாவும் இருந்தன. இவற்றைக் கொண்டுதான் பந்தயம் ஓடவேண்டும். கோண்டல் அரச குடும்பத்தார், கல்கத்தாவின் கின்னி லால் போன்றோர் வடக்கேயிருந்து தம் வண்டிகளோடு வந்து சோழவரத்தில் ஓடினர். பின்னாளில், 1980-களின் தொடக்கத்தில், விஜய் மல்லையா என்சைன் என்னும் ஃபார்முலா ஒன்று காரையே கொணர்ந்து ஓட்டினார். அவ்வண்டியின் ஓசையைக் கேட்டவர் இன்றும் காதைத் தடவிக்கொண்டு பேசுவர். செல்வரின் வண்டிகள் செய்தித்தாளில் இடம்பெற்றன. ஆனால் அன்று திடலில் ஓடியவற்றுள் பெரும்பாலானவை பட்டறைகளில் பிறந்தவை. பழைய கார் ஒன்றின் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டத்தைச் சுருக்கி, வேறொன்றின் இன்ஜினைப் பூட்டி, தகரத்தைத் தட்டி மேலுடல் செய்து, அதற்கு 'ஸ்பெஷல்' என்று பெயரிட்டனர். இல்லாமையே ஆசிரியனாய் நின்று கற்பித்த தொழில் அது.

என் தாய்மாமன் அத்தகைய பட்டறையொன்றில் ஃபிட்டராக இருந்தார். சென்னைப் புதுப்பேட்டையை அறியாதவர் எவரும் இரார். பழைய வண்டிகளை உடைத்து உறுப்புறுப்பாக விற்கும் தெரு அது. அங்கே ஒரு லேத்துப் பட்டறையில் அவர் பகலில் லாரிகளின் பழுது பார்த்தார். இரவில், கூலி ஏதுமின்றி, பந்தய வண்டிகளைச் செம்மை செய்தார். "கூலி இல்லாத வேலைக்கு ஏனடா இரவெல்லாம் கண் விழிக்கிறாய்?" என்று என் பாட்டி வைவதுண்டு. மாமன் சிரிப்பார், மறுமொழி கூறார்.

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் நம் நாட்டில் வந்தபின் சோழவரத்துத் திடல் புத்துயிர் பெற்றது. அதுகாறும் செல்வர் விளையாட்டாக இருந்ததனுள் பட்டறைப் பையன்களும் புகுந்தனர். தவணையில் வண்டி வாங்கிய வாலிபன் ஒருவன் மாமனிடம் வந்து, அதனைப் பந்தயத்துக்கு ஏற்றதாக்கித் தருமாறு வேண்டினான். மாமன் ஐந்து இரவுகள் அதன்மேல் உழைத்தார். சிலிண்டரின் தலைப் பகுதியை லேத்தில் ஏற்றி முகத்தைச் சீவினார். அதனால் உள்ளே எரிபொருள் நெருங்கி அழுந்தி வலிமை கூடும். வாயு போகும் வரும் துளைகளைச் சிற்றரத்தால் தேய்த்து அகலமாக்கினார். சைலன்சரை வெட்டிப் புதிய வடிவில் ஒட்டவைத்தார். இறுதியாகக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றினார். ஜெட் என்பது நெல்மணியளவுள்ள பித்தளைத் திருகு. அதன் நடுவே ஊசித்துளை ஒன்று. எவ்வளவு பெட்ரோல் உள்ளே செல்லவேண்டும் என்பதை அத்துளையே முடிவு செய்யும்.

அப்பந்தயத்துக்கு மாமன் என்னையும் அழைத்துச் சென்றார். எனக்கு அப்போது பத்து வயது. பாரிமுனையில் விடியுமுன் பேருந்தேறினோம். பேருந்து கொள்ளாத கூட்டம். திடலில் சவுக்குக் கழிகளும் கயிறுமே வேலி. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தொலைவும் தலைகள். ஆமணக்கெண்ணெய் எரிந்தாற் போன்ற ஒரு மணம் காற்றில் நின்றது. அது பந்தய எண்ணெயின் மணம் என்றார் மாமன். வேர்க்கடலை விற்பாரும், பனை நுங்கு விற்பாரும், தொப்பி விற்பாரும் இடையிடையே நுழைந்தனர். நிழல் என்பது மருந்துக்கும் இல்லை. சாலையில் வண்டி போவதை நாளும் கண்டவன் நான். ஆனால் வண்டியொன்று தன் உயிர் முழுவதையும் கொடுத்து ஓடுவதை அன்றுதான் கண்டேன். தொலைவில் புள்ளியாகத் தோன்றும். கண்ணிமைப்பதற்குள் நம்மைக் கடந்து போகும். ஓசை மட்டும் பின்னால் ஓடிவரும்.

நம் வாலிபன் முதற் சுற்றில் மூன்றாவதாக வந்தான். மாமன் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்; வலித்தது, நான் சொல்லவில்லை. இரண்டாஞ் சுற்றில், நேர்ப்பாதையின் நடுவே, அவ்வண்டியின் ஓசை அரைக்கணத்தில் அற்றுப்போயிற்று. பின்சக்கரம் உருளாமல் தேய்ந்து இழுபட்டது. பையன் கெட்டிக்காரன், உடனே கிளச்சைப் பிடித்து, தடுமாறி, ஓரத்துப் புல்லில் வண்டியைச் சாய்த்து எழுந்து நின்றான். உடலில் சிராய்ப்போடு போயிற்று. பிஸ்டன் சூடேறிப் பருத்துச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டிருந்தது.

மாமன் வண்டியருகே குந்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலிற் பிடித்துப் பார்த்தார். பிளக்கின் முனை பழுப்பாக இருந்தால் எரிபொருள் அளவோடு செல்கின்றது என்று பொருள், கறுத்திருந்தால் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. அது சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே உள்ளே செல்லும். பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், வழுவழுப்பும் குறையும். புதுப்பேட்டைத் தெருவில் ஓட்டிச் சோதித்தபோது பிளக் பழுப்பாகத்தான் இருந்ததாம். தெருவில் முழு வேகத்தை ஒரு சில கணங்களுக்குமேல் வைத்திருக்க இயலாது. அதற்குள் ஒரு சைக்கிளோ மாட்டு வண்டியோ வந்துவிடும். சோழவரத்து நேர்ப்பாதையிலோ கைப்பிடியை முழுவதும் திருகியபடியே நெடுநேரம் ஓடவேண்டியிருந்தது. தெரு மறைத்துவைத்த குற்றத்தைத் திடல் வெளிப்படுத்திவிட்டது.

திரும்பும் பேருந்தில் மாமன் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பிளக்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். மறுவாரமே தம் சொந்தக் காசில் புதிய பிஸ்டன் வாங்கி அப்பையனின் வண்டியைச் சரி செய்து கொடுத்தார். ஆனால் அடுத்த ஆண்டு சோழவரத்துக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதன்பின் திடலே இல்லாது போயிற்று.

ஏன் இல்லாது போயிற்று? நிலம் பந்தயக் கழகத்துக்குச் சொந்தமானதன்று என்பதே அடிப்படை. இரவல் நிலத்தில் நிலையான பாதுகாப்பு வேலியோ, பார்வையாளர் மாடமோ, வண்டிக் கொட்டிலோ கட்டிக்கொள்வதற்கில்லை. வண்டிகளின் வேகமோ ஆண்டுக்காண்டு ஏறியது. கயிற்று வேலியோ அப்படியே இருந்தது. 1955-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லெ மான் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர் நடுவே பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை உலகம் மறக்கவில்லை. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென நிலம் கொண்டு, ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள திடலை அமைத்தனர். 1990-இல் அது திறக்கப்பெற்றது. சோழவரத்தின் கதை அத்தோடு முடிந்தது.

எனினும் அதன் விளைவு முடியவில்லை. சோழவரத்தில் ஓடிப் பழகிய கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி காரின் எண்ணூறு சி.சி. இன்ஜினைக் கொண்டு எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை 1988-இல் உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்பது அதன் பெயர். அரசர் வீட்டுப் பிள்ளையல்லாதவனும் பந்தயக் காரில் அமர வழி திறந்தவர் அவரே என்பது என் துணிபு. 1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவைச் செட்டிபாளையத்துத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்த ஃபார்முலா மாருதியில், ஸ்ரீபெரும்புதூர்த் திடலில் தம் முதற் பந்தயத்தை ஓட்டிய கோவைச் சிறுவன் நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டிலேயே, முன்னர்க் கூறிய இண்டியானாபொலிஸ் திடலில், நான்காவதாக வந்தார். டயர்ப் பழுது கருதிப் பல அணிகள் ஒதுங்கிக்கொள்ள ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது என்பதையும் மறையாமல் சொல்லுதல் முறை. ஆயினும் புள்ளி புள்ளியே. இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010-இல் அதே பந்தய வரிசையில் ஓடினார். உலகப் பந்தயத்துக்குச் சென்ற இந்தியர் இருவருமே தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் என்பதை எண்ணுந்தோறும், எனக்குச் சவுக்குக் கழி வேலியும் ஆமணக்கெண்ணெய் மணமுமே நினைவுக்கு வருகின்றன.

நொய்டாவின் அருகே பெரும் பொருட்செலவில் எழுந்த புத்தா திடலில் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் ஃபார்முலா ஒன்று நடந்து நின்றுவிட்டது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவில் விளக்கொளியில் பந்தயம் நடத்தினர். சாலையில் ஓட்டலாமெனில் எங்கள் பிள்ளைகள் ஓட்டியதில் என்ன குற்றம் என்று கேட்கத் துணியும் இளைஞரும் உளர். அது சுவரெழுப்பி, போக்குவரத்தை மறித்து, மருத்துவரை நிறுத்தி, அரசின் இசைவோடு நடந்தது. இசைவின்றிப் பொதுச் சாலையில் பந்தயமிடுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்கீழ்ச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எழுத்தன் வேலை பார்ப்பவனுக்குப் பிரிவு எண்ணைச் சொல்லாவிட்டால் உறக்கம் வராது, பொறுத்தருள்க.

சென்ற மாதம் அந்தப் பிள்ளை ஊன்றுகோலோடு என் குடியிருப்புத் திண்ணைக்கு வந்தான். இக்கட்டுரைக்காக யான் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினான். அவன் தாயாருக்காகச் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன், "மாமா, அன்னைக்கு அந்த வண்டியிலே என்ன ஜெட் போட்டிருந்தாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. என் தாய்மாமன் எழுபது கடந்து, காது சற்று மந்தமாகி, செங்குன்றத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் அழைத்து, உரத்த குரலில் கேட்டேன். அன்று யார் வென்றார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆண்டும் நினைவில்லை. ஆனால் ஜெட்டுக்கு மட்டும் ஒரு கணமும் தயங்கவில்லை.

"தொண்ணூறு போட்டேன் மாப்பிள்ளை. நூறு போட்டிருக்கணும். யாரு கேக்கிறா?"

பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, அவனுக்கு நாற்காலி எடுத்துவர உள்ளே சென்றேன்.